எல்லைக்கல் தண்ணீர் காட்டாது



கென்யாவின் வடகோடியில், எத்தியோப்பிய எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மார்சபிட் வட்டாரம். மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே போரானா மக்கள் பெரும்பாலும் மாடு மேய்க்கிறார்கள். கப்ரா மக்களுக்கு ஒட்டகமே செல்வம். இருவரும் பேசுவது ஒரே மொழி.

ஆயினும், 2005 ஜூலை 12ஆம் நாள் காலையில் கப்ரா மக்கள் வாழும் துர்பி கிராமத்தைப் போரானா ஆயுதக் கும்பல் தாக்கியது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 20க்கும் அதிகமானோர் பள்ளிப் பிள்ளைகள். பழிக்குப் பழியாகப் போரானா பயணிகளும் கொல்லப்பட்டனர்.

இதனைப் "பழங்குடிச் சண்டை" என்று சொல்லி ஒதுக்கிவிடலாமா? கூடாது. மழை எங்கே பெய்கிறதோ அங்கே மந்தையை ஓட்டிச் செல்வதுதான் மேய்ப்பவர் வாழ்க்கை. வறட்சி வந்தால் ஒருவர் மற்றவருடைய கிணற்றை நாடித்தான் ஆக வேண்டும். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி இனத்துக்கு ஒரு மேய்ச்சல் எல்லை வகுத்தது. பின்னர் அண்டை நாட்டுப் போர்களிலிருந்து துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஓட்டு அரசியலும் சேர்ந்துகொண்டது. ஈட்டியால் நடந்த மாட்டுத் திருட்டு, துப்பாக்கியால் படுகொலையாக மாறியது.

2006 ஏப்ரல் 10ஆம் நாள், சமாதானம் பேச ஒரு குழு மார்சபிட்டுக்கு விமானத்தில் புறப்பட்டது. கப்ரா சமூகத்தைச் சேர்ந்த போனாயா கோதானாவும் போரானா சமூகத்தைச் சேர்ந்த குராச்சா கல்கல்லோவும் அதில் இருந்தனர். இருவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். விமானம் மலையில் மோதியது. 14 பேர் பலியாயினர். அந்த இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் துயரம் பலரைச் சிந்திக்க வைத்தது. 2009இல் மைகோனாவிலும் வால்டாவிலும் இரு சமூகப் பெரியோரும் கூடி உடன்பாடு கண்டார்கள். மேய்ச்சலையும் நீரையும் எப்படிப் பகிர்வது, திருடினால் என்ன அபராதம் என்று அவர்களே வகுத்தார்கள்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 2013இல் மொயாலேயில் மீண்டும் மோதல் வெடித்தது. 2022 மே மாதம் மார்சபிட்டில் அரசு ஊரடங்கு விதித்தது. உடன்பாடு என்பதும் கிணறு போன்றதுதான். தூர் வாராமல் விட்டால் தூர்ந்துவிடும்.

போலீஸ் வரலாம், எல்லைக்கல்லும் நடலாம். ஆனால் எந்த எல்லைக்கல்லும் தாகம் எடுத்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டாது, நேயர்களே. பக்கத்து ஊர்க்காரர் மனம் வைத்தால்தான் தண்ணீர் கிடைக்கும்.