எண் ஒன்று போதாது: கல்முனைக் கருத்தரங்கின் தலைமை உரை

 

மதிப்புக்குரிய வைத்திய நிபுணர்களே, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களே, தாதிய உத்தியோகத்தர்களே, மாணவர்களே,

காய்ச்சல், தலையிடி, வாந்தி, பிடரி விறைப்பு. இவற்றோடு ஒரு பிள்ளை விடுதிக்கு வந்தால் நம் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: மூளை உறை அழற்சி பற்றீரியாவால் வந்ததா, வேறெதனாலாவதா? பற்றீரியா என்றால் மணித்தியாலக் கணக்கில் உயிர் போகலாம். தப்பினாலும் செவிப்புலன் போகலாம். வைரசு என்றால் பெரும்பாலும் தானாகவே சுகமாகும். இந்த நோயைத் தரும் ஹிப் பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 2008இல் இலங்கையின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இதே நோயைத் தரும் நியூமொகொக்கசும் மெனிங்கொகொக்கசும் இன்னும் இருக்கின்றன.

அந்தக் கேள்விக்கு விடை தேடி எடுக்கும் முள்ளந்தண்டு நீரில் நியூட்ரோபில் கலங்கள் கூடி, புரதம் ஏறி, குளுக்கோசு இரத்தத்தில் உள்ளதில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் பற்றீரியாவைச் சந்தேகிக்கிறோம். லக்டேட் லீற்றருக்கு 3.5 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அன்டிபயோட்டிக் ஏற்றிய பிறகு எடுத்த நீரில் லக்டேட்டை அந்தளவு நம்ப முடியாது. வைரசு நோயிலும் ஆரம்பத்தில் நியூட்ரோபில் மிகுந்து நிற்பதுண்டு. காசநோயோ குளுக்கோசைக் குறைத்துவிட்டு லிம்போசைட்டைக் காட்டும். இரத்தத்தின் புரோகல்சிடோனின் நல்ல துணை. ஆனால் உடலில் வேறிடத்துப் பற்றீரியாத் தொற்றும் அதை உயர்த்தும்.

சுனாமி நம் கரையை அழித்த அடுத்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2005இல் இலங்கையில், சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போடப்பட்ட தாய்மார் சிலருக்கு மூளை உறை அழற்சி வந்தது. காரணம் பற்றீரியா அல்ல, அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு. விசாரணை சரியாகக் களஞ்சியப்படுத்தப்படாத சிறிஞ்சுகளில் போய் முடிந்தது. பங்கசும் நியூட்ரோபிலைக் கூட்டும், குளுக்கோசைக் குறைக்கும். எண்களை மட்டும் பார்த்தால் பற்றீரியா என்றே எழுதிவிடுவோம். வளர்ப்பில் கிருமி வராமல், மருந்துக்கும் நோய் மசியாதபோது அடுத்த கேள்வியைக் கேட்பவரே அந்த நோயாளியைக் காப்பாற்றுவார்.

எண் பிழையாகவும் வரலாம்: எடுத்த நீரை மேசையில் வைத்துவிட்டுப் போனால் ஒரு மணித்தியாலத்தில் நியூட்ரோபில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதைந்துவிடும். பின்னர் வரும் குறைந்த எண்ணிக்கைக்கு நோயைக் குறை சொல்ல முடியுமா?

நீரெடுக்க முதுகில் ஊசி குத்தினால் கால் வழங்காமல் போய்விடும் என்று உம்மா அழுவா, வாப்பா கையெழுத்துப் போட மறுப்பார். அவர்களைக் கடியாமல், ஊசி முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது என்று விளங்கப்படுத்துங்கள்.

இந்த அரங்கிலிருந்து நான் கேட்பவை மூன்று. நீரெடுக்கும்போதே இரத்தக் குளுக்கோசுக்கும் மாதிரி எடுங்கள். போத்தலை உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பற்றீரியா என்று பலமாகச் சந்தேகித்தால் முடிவு வரும்வரை அன்டிபயோட்டிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மூன்றுக்கும் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. இன்றிரவுக் கடமையிலேயே தொடங்கலாம்.