தெருவிலா, ரேழியிலா?



1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அந்தச் சௌகரியத்தை முதன்முதலில் பெற்ற நகரங்களில் நம் சென்னையும் ஒன்று. அன்று தொலைபேசிக் கம்பியில் தத்தித் தத்தி வந்தது, இன்று தலைமயிரளவு கண்ணாடி இழையில் ஒளியாகவே வாசல்வரை வந்துவிடுகிறது. ஆயினும், தொலைபேசித் துறையில் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, "சார், நெட் விட்டு விட்டு வருது" என்ற முறையீடு இன்றும் ஓயவில்லை.

அத்தனை பேருக்கும் நான் சொல்வது ஒன்றே: பழுதை நீக்குவதற்கு முன், அது தெருவில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா என்று நிர்ணயம் செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, மோடத்திலிருந்து லேன் கம்பி ஒன்றை நேரே கணினியில் சொருகிச் சிறிது நேரம் பாருங்கள். கம்பியில் தடையின்றி வந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நிரபராதி, குற்றம் வீட்டுக்குள்ளேதான்.

மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில், வாசல் திண்ணையும் ரேழியும் கூடமும் முற்றமும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். "இரண்டாம் கட்டு ரூமுக்கு வந்தாலே நின்னுடறது சார், பேரனோட ஒரு வார்த்தை முழுசாப் பேச முடியலை" என்று அந்த வீட்டு மாமி மனம் நொந்து சொன்னார். மோடமோ ரேழியில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாகக் கிடந்தது; இழை உள்ளே நுழையும் இடம் அதுவென்பதால், இணைப்புக் கொடுத்தவர் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ரேழியில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அடுக்களையில் வெளிச்சம் இல்லையே என்று வருந்தலாமா, நேயர்களே!

அந்தக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பிய சுவர்கள், வெயிலைத் தடுத்து வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் அதே கனத்தினால், வைஃபை அலைகளையும் உறிஞ்சிவிடுகின்றன. அவற்றுள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் சிறந்தது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் குறைவு, எனினும் சற்றுத் தூரம் ஊடுருவும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே மோடத்தைக் கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகையில் ஏற்றினோம். இரண்டாம் கட்டுக்கு முற்றத்தின் ஓரமாக ஒரு லேன் கம்பியை இழுத்து, அதன் முனையில் வைஃபை பரப்பும் ரூட்டர் ஒன்றையும் வைத்தோம். அன்று மாலை மாமி பேரனோடு வெகுநேரம் பேசினார் என்று கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

தியாகராய நகர் அடுக்ககங்களில் உபத்திரவம் வேறு விதம். மேலும் கீழும் பக்கத்திலுமாக அத்தனை வீட்டு ரூட்டர்களும் ஒரே அலைவரிசையில் நெருக்கிக்கொள்கின்றன; போதாக்குறைக்கு, மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். ரூட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். ரூட்டருக்கு அருகிலேயே அமர்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள்.

கம்பியிலும் தடுமாறுகிறது என்றால் மோடத்தின் விளக்குகளைக் கவனியுங்கள். எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இழையை எங்கேனும் கூர்மையாக மடித்து ஆணி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மடிப்பில் ஒளி கசிந்துவிடும். கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. அடையாறில் மரக்கிளை உராய்ந்தோ, மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்குத் தோண்டும்போதோ இழை அறுந்திருந்தால் அது நம் கையில் இல்லை. தடைப்பட்ட நேரங்களையும் கம்பியில் சோதித்த விவரத்தையும் ஒரு தாளில் குறித்து, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தில் புகார் செய்து, புகார் எண்ணைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் கையில் இருக்கும்போது உங்கள் முறையீட்டை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

நேரம் நெருங்கிவிட்டது. முதலில் கம்பி, பிறகு இடம், அதன் பிறகே புகார் என்ற கிரமத்தை மட்டும் மறவாதீர்கள். கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் குரல் உங்கள் இல்லத்தின் எல்லா அறைகளிலும் தடையின்றிக் கேட்கட்டும் என்று மனமார வேண்டி விடைபெறுகிறேன்.