பசித்த உடலின் மௌனம்

(ஜூபிலி விழா நலவாழ்வுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கத்திரிக்காய் தின்றால் அரிப்பு, கருவாடு தின்றால் தடிப்பு என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஒவ்வாமை என்றால் உடல் அளவுக்கு மீறிச் சீறுவது என்றே எண்ணுகிறோம். ஆனால் சீற வேண்டிய வேளையில் உடல் சும்மா இருந்துவிடுவதும் உண்டு. அதற்குப் பசி ஒரு பெருங்காரணம். இதைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. நம் குருக்களைப் போலவே முதலில் இறையியலும் தத்துவமும் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு வந்தவர். ஒருமுறை உள்ளே புகுந்த அந்நியப் பொருளை உடல் நினைவில் வைத்து, மறுமுறை வேறு விதமாய் நடந்துகொள்வதையே அவர் இச்சொல்லால் குறித்தார்.

அடுத்த ஆண்டே அவர் ஒரு சோதனையைக் கண்டார். காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினைக் குழந்தையின் கையில் இலேசாகக் கீறித் தடவுவார். அவ்விடம் தடித்துச் சிவந்தால், கிருமி முன்பே உடலில் புகுந்திருக்கிறது என்று பொருள். உடனே வரும் அரிப்பு வேறு. இது தாமதமாக எழும் ஒவ்வாமை. இன்றைய மேண்டோ சோதனையிலும் முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்தே தடிப்பை அளக்கிறார்கள்.

தட்டம்மை கண்ட பிள்ளைகளிடம் இத்தடிப்பு சில நாள் மறைந்துவிடுவதை வான் பிர்கே 1908-இல் எடுத்துக்காட்டினார். கடுமையான ஊட்டக்குறைவும் இதையே செய்யும். நோயை எதிர்க்கும் டி அணுக்கள் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. புரதமும் துத்தநாகச் சத்தும் போதாத பிள்ளையிடம் இச்சுரப்பி சுருங்கிவிடுகிறது. எனவே நெஞ்சில் காசநோய் இருந்தும் கையில் தடிப்பு எழாமல் போகலாம். நல்ல உணவு தந்து உடலைத் தேற்றியபின் அதே கையில் தடிப்பு எழுவதுண்டு.

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது வியன்னாவின் பிள்ளைகள் பசியால் மெலிந்திருந்தார்கள். அமெரிக்கர் அனுப்பிய உணவை ஆஸ்திரியப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பணிக்கு வான் பிர்கே தலைமை தாங்கினார். ஒரு கிராம் பாலின் சத்தை ஓர் அலகாக வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு உணவு வேண்டும் என்று கணக்கிட்டார்.

உணவின் வலிமையை நம் நாடும் கண்டிருக்கிறது. ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வில், காசநோயாளியின் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தந்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு தந்த வீடுகளைவிட, இவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது ஏறக்குறைய 39 விழுக்காடு குறைந்தது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் மெலிந்த பிள்ளையைச் சோதனையில் தடிப்பு எழவில்லை என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் மேற்கொண்டு பரிசோதிக்கக் கேளுங்கள். உடலில் ஏதோ தடிப்பு கண்டது என்று, மருத்துவரைக் கேளாமல் பிள்ளையின் முட்டையையும் பாலையும் நிறுத்திவிடாதீர்கள். காசநோயாளிக்கு உணவுக்கென அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது; உரியவர்கள் கேட்டுப் பெறுங்கள்.

தடிப்பு எழவில்லை என்பதால் நோயில்லை என்று ஆகாது. வாய் திறந்து கேட்கவில்லை என்பதால் அடுத்த வீட்டில் பசியில்லை என்றும் ஆகாது. இந்த ஜூபிலி ஆண்டில் நம் பிடியரிசியோடு ஒரு பிடி பருப்பும் சேர்த்து வைப்போம். நோயாளி இருக்கும் வீட்டில், நோயாளிக்கு மட்டுமன்றி அவரோடு உண்டு உறங்கும் அனைவருக்கும் அது போய்ச் சேரட்டும்.