பனியே இல்லாத ஊரில் பனிச்சறுக்கு

இந்த வாரம் வழக்கமான இடத்துல இருந்து பேசலை. ஏற்காட்டுல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்துக்கிட்டு பேசறேன். பின்னாடி சரசரன்னு சத்தம் கேட்டா மைக் கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க, சில்வர் ஓக் மரத்துல காத்து.

இன்னைக்கு டாபிக் பனிச்சறுக்கு. சிரிக்காதீங்க. ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சிக்குப் போனாலும் 1,600 மீட்டர் சொச்சம்தான். இங்க ஒருத்தர் ‘செம பனி’ன்னு சொன்னா, மூடுபனி இறங்கி எதிர்ல வர்ற பைக் தெரியலைன்னு அர்த்தம். வெள்ளை வெளேர்னு தரையில குவியற பனியை எங்க ஊர்ல டிவியில பார்த்ததோட சரி.

ஆனா ஒரு டிவி, ஒரு செகண்ட் ஹேண்ட் கேம் கன்சோல், காலுக்குக் கீழ ஒரு வெள்ளைப் பலகை, இவ்வளவு இருந்தா போதும். இந்த ஹால்லயே கொடிகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு மலை இறங்கலாம். எங்க வீட்ல அப்படித் தினமும் இறங்கறது நான் இல்லை, எங்க அம்மா. வயசு 58.

ஏன் அம்மான்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த கேம் உள்ள எப்படி ஓடுதுன்னு பார்த்துடலாம். அது புரிஞ்சாதான் கேம் எங்க உண்மை சொல்லுது, எங்க பொய் சொல்லுதுன்னு தெரியும்.

உடம்பை அசைச்சு ஆடற கேம்களை நான் மூணு வகையா பிரிப்பேன். முதல் வகை, கையைப் பார்க்கிறது. 2006-ல நின்டெண்டோ ‘வீ’ வந்தப்போ அதோட ரிமோட்டுக்குள்ள ஒரு ஆக்சிலரோமீட்டர் இருந்தது. ரிமோட் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா அசையுதுன்னு அதுக்குத் தெரியும். நீங்க எழுந்து நிக்கறீங்களா, சோஃபாவுல சாய்ஞ்சிருக்கீங்களான்னு தெரியாது. அதனாலதான் எல்லார் வீட்லயும் ஒரு தம்பி படுத்துக்கிட்டே மணிக்கட்டை மட்டும் ஆட்டி டென்னிஸ்ல ஜெயிப்பான்.

ரெண்டாவது வகை, கேமரா. 2010-ல மைக்ரோசாஃப்ட் விட்ட கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை ரூம் முழுக்கத் தெளிச்சு, அந்தப் புள்ளிகள் எப்படி விழுதுன்னு பார்த்து உங்க உடம்போட வடிவத்தைக் கணக்குப் போடும். அடுத்த வருஷமே அதுக்கு வந்த ‘கினெக்ட் ஸ்போர்ட்ஸ் சீசன் டூ’ கேம்ல பனிச்சறுக்கும் உண்டு. கேமராவுக்கு உங்க தோள் சாயறது தெரியும், முட்டி மடங்கறது தெரியும். ஆனா எந்தக் கால்ல எத்தனை கிலோ இறங்குதுன்னு தெரியாது.

மூணாவது வகை, கால். 2007 டிசம்பர்ல ஜப்பான்லயும், 2008-ல மத்த நாடுகள்லயும் வந்த ‘வீ ஃபிட்’ கேமோட ஒரு பேலன்ஸ் போர்ட் வந்தது. பார்க்க வெயிட் மெஷின் மாதிரிதான் இருக்கும். ஆனா நாலு மூலையிலயும் தனித்தனியா ஒரு சென்சார். மேல எடை ஏறும்போது உள்ள இருக்கிற உலோகம் துளியூண்டு வளையும். அந்த வளைவை மின்சார சிக்னலா மாத்தறதுதான் ஸ்ட்ரெய்ன் கேஜ். மளிகைக் கடை டிஜிட்டல் தராசுலயும் இதே டெக்னிக்தான். அப்புறம் புளூடூத், நாலு பேட்டரி. அவ்வளவுதான் ஹார்டுவேர்.

கணக்கு இன்னும் சிம்பிள். வலது பக்க ரெண்டு சென்சாரையும் கூட்டு, அதுல இடது பக்கக் கூட்டலைக் கழி, மொத்த எடையால வகு. பூஜ்யம் வந்தா நடுவுல நிக்கறீங்க. மைனஸ் வந்தா இடது பக்கம், ப்ளஸ் வந்தா வலது பக்கம். முன்னாடி பின்னாடிக்கும் இதே கணக்கு. கேம்ல இருக்கிற ஸ்லாலம் இந்த ரெண்டு எண்ணை வச்சுதான் ஓடுது. முன்னாடி சாய்ஞ்சா வேகம், பின்னாடி சாய்ஞ்சா பிரேக், பக்கவாட்டுல சாய்ஞ்சா திருப்பம்.

சரி, இப்போ அம்மா கதை. போன வருஷம் ஐப்பசி மழையில வாசல் படியில பாசி படிஞ்சிருந்தது. அம்மா வழுக்கி விழுந்து வலது கணுக்கால்ல எலும்பு முறிவு. மலை ஊர்ல வீடு கட்டினவங்களுக்குத் தெரியும், ரோட்டுல இருந்து வீட்டுக்கு வரணும்னா படிதான். எங்க வீட்டுக்குப் பதினாலு படி. மாவுக்கட்டு பிரிச்சாச்சு, எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு நல்லா கூடிடுச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டார். ஆனா அம்மா அந்தப் படியில இறங்கலை. ஒரு மாசம், ரெண்டு மாசம். காய் வேணும்னாலும் பக்கத்து வீட்டுப் பையன்தான். சொந்தக்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க: “எதுக்கு இந்த மலையில கிடந்து கஷ்டப்படணும்? வீட்டை வித்துட்டுக் கீழ சேலத்துல லிஃப்ட் வச்ச ஃப்ளாட்டா பார்த்துக்கோங்க.” அம்மா பதிலே சொல்ல மாட்டாங்க. இருபத்தஞ்சு வருஷமா அவங்க வளர்த்த மிளகுக் கொடி அந்தப் படிக்குக் கீழதான் இருக்கு.

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லை. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழ விழுந்து இறந்து போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எதிர்பாராத காயங்களால வர்ற மரணத்துல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். விழுந்து பிழைச்சவங்களுக்கு எலும்பு கூடினதுக்கு அப்புறமும் ஒரு பாதிப்பு மிச்சம் இருக்கும். அது பயம். பயந்தா நடக்க மாட்டாங்க, நடக்கலைன்னா கால் பலம் குறையும், பலம் குறைஞ்சா மறுபடி விழ வாய்ப்பு கூடும். சுத்திச் சுத்தி ஒரே லூப்.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியில முக்கியமானது, வலது கால்ல எடையை இறக்கிப் பழகறது. அம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. “ம்மா, வலது கால்ல வெயிட் போடு”ன்னு சொன்னா, “ரெண்டு கால்லயும்தானடா நிக்கறேன், பாரு கண்ணு”ன்னுவாங்க. பார்த்தா நேராத்தான் நிக்கற மாதிரி இருக்கும். யாருக்குமே சந்தேகம் வராது.

பழைய கன்சோலை நான் வாங்கினது எனக்காக. ஒருநாள் பிசியோகிட்ட ஃபோன்ல கேட்டு, சரின்னு சொன்னதும் அம்மாவைப் பலகை மேல நிக்க வச்சேன். பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கனமான நாற்காலி. கேம் ஆரம்பத்துல எடை எந்தப் பக்கம் எவ்வளவுன்னு சதவீதத்துல காட்டும். இடது 60, வலது 40. அம்மா அறுபது கிலோ. அதாவது நேரா நிக்கறேன்னு அவங்க நம்பற நேரத்துல, ஒரு காலைவிட இன்னொரு கால் பன்னிரண்டு கிலோ அதிகமா சுமக்குது. அம்மாவுக்கு நம்பிக்கையே வரலை. “மெஷின் ரிப்பேரா இருக்கும்டா.” நான் ஏறி நின்னு காட்டினேன். மெஷின் நல்லாத்தான் இருந்தது.

அப்புறம் ஸ்லாலம். இடது பக்கக் கொடி எல்லாம் கரெக்டா வளைஞ்சு போறாங்க. வலது பக்கம் ஒரு கொடிகூட விழலை. நான் ஒண்ணுமே சொல்லலை. மூணாவது ஆட்டத்துல அவங்களே சொன்னாங்க: “இந்தக் கால் வர மாட்டேங்குதுடா.” ரெண்டு மாசமா நாங்க வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாததை டிவியில இருந்த ஒரு பொம்மை காட்டிடுச்சு.

ஏன் இது வேலை செஞ்சது? கிராஃபிக்ஸ் ஒண்ணும் பிரமாதம் இல்லை. எது பிரச்சினையோ அதையே இந்தப் பலகை அளந்தது, அதான் காரணம். கேமராவை ஏமாத்தலாம், தோளை மட்டும் சாய்ச்சா போதும். ரிமோட்டை ஏமாத்த மணிக்கட்டு போதும். ஆனா எடையை வலது பக்கம் அனுப்பாம வலது பக்கக் கொடியைத் தாண்ட வழியே இல்லை. இது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லைன்னு ஆராய்ச்சியும் சொல்லுது. 2010-ல மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் இந்த போர்டை, ஆய்வகத்துல வைக்கிற விலை உயர்ந்த ஃபோர்ஸ் பிளேட்டோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நிக்கறப்போ சமநிலையை அளக்க இது நம்பகமா இருக்குன்னு ‘கெய்ட் அண்ட் போஸ்ச்சர்’ இதழ்ல எழுதினாங்க.

சரி, பொய் சொல்ற இடத்துக்கு வருவோம். சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு வர்ற ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல நின்னுக்கிட்டு வந்திருக்கீங்களா? பஸ் இடது பக்கம் திரும்பும்போது உங்க எடை எந்தக் காலுக்குப் போகும்? வலது காலுக்கு. வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கிற காலுக்கு. நிஜப் பனிச்சறுக்குலயும் இதேதான். இடது பக்கம் திரும்பணும்னா வெளிப்பக்கம் இருக்கிற வலது கால் பலகையை அழுத்தணும். ஆனா கேம்ல இடது பக்கம் போக இடது காலை அழுத்தறீங்க. நேர் எதிர். காரணம் எளிமையானது. ஹால்ல நீங்க ஒரே இடத்துல நிக்கறீங்க. வேகம் இல்லை, வளைவு இல்லை, வெளியில தள்ளற விசையும் இல்லை. ஆக, பனிச்சறுக்கோட ஒரு பாடத்தை நம்ம மலைப் பாதை பஸ்ஸே கேமைவிட ஒழுங்கா சொல்லித் தருது.

இன்னொரு பொய் பிரேக். கேம்ல பின்னாடி சாய்ஞ்சா வேகம் குறையும். நிஜப் பனியில புதுசா வர்றவங்க பயத்துல பின்னாடிதான் சாய்வாங்க. அப்போ கட்டுப்பாடே போயிடும். ஈரச் சரிவுல நடந்து இறங்கும்போதும் இதே கதைதான். பின்னாடி சாய்ஞ்சா குதிகால் முன்னாடி வழுக்கிட்டுப் போகும். அதனால அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்: “ம்மா, அந்த பிரேக் டிவிக்கு மட்டும்தான். படியில வேண்டாம்.”

அப்போ பாதிப் பொய் சொல்ற கேம் எதுக்குன்னு கேட்கலாம். சிவா கேசவனை நினைச்சுப் பாருங்க. மணாலி பக்கத்துல வளர்ந்தவர். லூஜ்ங்கிற பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில 1998-ல இருந்து 2018 வரைக்கும் ஆறு குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்காகக் கலந்துக்கிட்டவர். நம்ம நாட்டுல அதுக்குத் தடம் கிடையாது. என்ன பண்ணினார்? வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரியும் காரும் போற இமயமலை ரோட்டுல படுத்தபடி இறங்கிப் பயிற்சி எடுத்தார். ரோட்டுல பனி இல்லை, உராய்வு வேற. ஆனா படுத்த நிலையில உடம்பால வண்டியைத் திருப்பற விஷயம் அதேதான். ஒரு பதிலி எல்லா விதத்திலயும் அசல் மாதிரி இருக்க வேண்டியதில்லை. நமக்கு எது தேவையோ அந்த ஒண்ணு மட்டும் அசலா இருக்கணும்.

அம்மாவுக்குப் பனிச்சறுக்கு தேவையில்லை. வலது கால் தேவை. அந்த ஒண்ணு மட்டும் அந்தப் பலகையில அசல்.

இப்போ நிலவரம் சொல்லணும்ல? மூணு மாசம் ஆச்சு. இடது 52, வலது 48-ன்னு வருது. கேம்தான் குணப்படுத்திச்சுன்னு சொல்ல மாட்டேன். பிசியோ கொடுத்த பயிற்சியை அம்மா தினமும் செஞ்சாங்க, படிக்குக் கைப்பிடி வச்சோம், பாசியைச் சுரண்டி எடுத்தோம். கேம் பண்ணினது ரெண்டே வேலை. பிரச்சினை இருக்கிற இடத்தை அவங்க கண்ணால பார்க்க வச்சது, அப்புறம் தினமும் ஒரு கால் மணி நேரம் அலுக்காம நிக்க வச்சது. போன வாரம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் பதினாலு படியும் இறங்கி, மிளகுக் கொடியைப் பார்த்துட்டு, மறுபடி ஏறி வந்தாங்க. ஏறினதும் என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: “தண்ணியே ஊத்தலையாடா யாரும்?” சேலம் ஃப்ளாட் பேச்சு இன்னும் முடியலை. ஆனா இப்போ அதை முடிவு பண்ணப் போறது அம்மா, அவங்க கணுக்கால் இல்லை.

உங்க வீட்லயும் கட்டிலுக்கு அடியில இந்தப் பலகை தூங்கிட்டு இருக்கலாம். வீ ஃபிட் உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல வித்த கேம். எடுத்து ஆடறதா இருந்தா நாலு விஷயம். அடிபட்டவங்க, வயசானவங்கன்னா முதல்ல டாக்டர் இல்லன்னா பிசியோ சம்மதம். வெறுங்கால், காய்ஞ்ச தரை, சாக்ஸ் கூடவே கூடாது. பிடிச்சுக்க அசையாத நாற்காலி ஒண்ணு, பக்கத்துல ஆள் ஒருத்தர். பலகை தாங்கற எடை 150 கிலோ, ரெண்டு பேர் சேர்ந்து ஏறாதீங்க. ஸ்கி ஜம்ப் ஆடும்போது முட்டியை நிமிர்த்தினா போதும், நிஜமா குதிக்கவும் கூடாது.

புதுசா எந்த மோஷன் கேம் வாங்கினாலும் பெட்டி மேல இருக்கிற படத்தைப் பார்க்காதீங்க. ‘இது என் உடம்புல எதை அளக்குது?’ன்னு கேளுங்க. கையா, வடிவமா, எடையா? உங்களுக்கு வேண்டியதும் அது அளக்கறதும் ஒண்ணா இருந்தா, அந்த கேம் பழசா இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நம்ம மொழியில யானைக்கும் அடி சறுக்கும், பார்க்குல குழந்தைங்க ஆடறதும் சறுக்குமரம். விழறதுக்கும் விளையாடறதுக்கும் ஒரே சொல்தான். உங்க வீட்ல யாராவது விழுந்து எழுந்து, மறுபடி நடக்கப் பயந்துட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்களை எது மறுபடி நடக்க வச்சதுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். பார்த்து நடங்க மக்களே.