கோடு அழியவில்லை, இடம் மாறியது



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு பென்ஷன்தாரர் இருப்பார். அவர்களுக்கு 1982 டிசம்பர் 17 மறக்கக் கூடாத நாள். 1979 மார்ச் 31-க்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கு மத்திய அரசின் புதிய, தாராளமான பென்ஷன் கணக்கு கிடையாது என்றிருந்தது. அந்தத் தேதிக் கோடு செல்லாது, பென்ஷன் என்பது தயவு அல்ல, உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனா, கோடு அழியலே, இடம் மாறிடுச்சு. முன்பு ஓய்வு பெற்ற தேதி, பிறகு வேலையில் சேர்ந்த தேதி. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். முதல் நாள் வரை சேர்ந்தவருக்குப் பிடித்தம் இல்லாத பழைய பென்ஷன். ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேஜை!

நான் தனியார் கம்பெனி இன்ஜினியர். எனக்கு இதில் லாப நஷ்டம் இல்லை. பெரியவங்க பென்ஷனைக் குறைக்கணும்னும் சொல்லலே. 1982-இல் உங்களுக்குக் கிடைத்த நியாயத்தை, பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்க கேட்டா அதுக்குத் தனி எடை உண்டு.