மாத்திரைக்கும் ஒரு பாஸ்புக்

(நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருப்பதால் இதைப் பேசுகிறேன்.

1998-ல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குக் கொல்கத்தா வந்த அனுராதா சாஹாவுக்கு உடம்பில் தடிப்பு வந்தது. அது டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்ற நோயாக முற்றியது. தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்துவிடும். பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் வருவது. ஸ்டீராய்டு ஊசியும் அளவுக்கு மீறிப் போடப்பட்டது. மே 28 அன்று மும்பையில் இறந்துபோனார். கணவர் டாக்டர் குணால் சாஹா 15 வருடம் வழக்கு நடத்தினார். 2013-ல் சுப்ரீம் கோர்ட் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. போன உயிர் வரவா போகிறது?

இது அபூர்வமான நோய்தான். ஆனால் இதை உண்டாக்கக்கூடிய மருந்துகள் அபூர்வமானவை அல்ல. வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின், யூரிக் ஆசிட்டுக்கான அலோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள், சில வலி மாத்திரைகள். மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபனமிக் ஆசிட் 'ட்ரெஸ்' என்ற கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையமே 2023 நவம்பரில் எச்சரித்தது.

புது மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதம் கவனமாக இருங்கள். காய்ச்சலோடு தடிப்பு, கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் சிவப்பு, கொப்புளம், முகவீக்கம் வந்தால், வேர்க்குரு என்று பவுடர் போடாதீர்கள். அம்மை என்று வேப்பிலை வைத்துக் காத்திருக்காதீர்கள். மெடிக்கலில் சொல்லி ஊசி மாத்திரை வாங்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று சீக்கிரம் தெரிந்து நிறுத்துவதுதான் சிகிச்சையின் முதல் படி.

அதற்குத்தான் பாஸ்புக் சொன்னேன். ஒரு சின்ன நோட்டில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த மருந்தை மறுபடி சாப்பிட்டால் முன்னைவிட மோசமாக வரலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மருந்தால் பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே தெரிவிக்கலாம். நாம் சொல்வது இன்னொரு வீட்டைக் காப்பாற்றும்.