அழித்துவிட்டால் அழிந்துவிடுமா?

(நெட்டப்பாக்கத்தில் நடந்த கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





“காசோலை வாங்கும் பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதில்லையே, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?” என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். “போடுவோம், யாராவது வேண்டாம் என்றால் அழித்துவிடலாம்” என்று ஒரு தம்பி யோசனையும் சொன்னார். அந்த ‘அழித்துவிடலாம்’ என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

வாட்ஸ்அப்பில் எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி 2017ல் வந்தது. அப்போது 7 நிமிடம்தான் அவகாசம். 2022லிருந்து இரண்டு நாளுக்கும் மேல் தருகிறார்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால், இன்னொரு குழுவுக்கு அனுப்பிவிட்டால், அந்தப் படம் நம் கையை விட்டுப் போயிற்று. ஃபேஸ்புக் கணக்கையே மூடினாலும், 30 நாள் காத்திருந்து, அதன் பிறகு முழுவதும் அழிக்க 90 நாள் வரை ஆகலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்களிடம் அப்படியே இருக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். நம் பகுதியில் பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் உண்டு. அங்குள்ள சட்டம் நம்முடையதைவிடக் கடுமையானது. ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவரின் சொத்து கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998ல் பத்திரிகையில் வெளியானது. கடன் தீர்ந்து பல வருடம் கழித்தும், அவர் பெயரைக் கூகுளில் தேடினால் அதுதான் வந்து நின்றது. வழக்குப் போட்டார். 2014ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேடலில் வராமல் எடுக்கச் சொன்னார்களே தவிர, பத்திரிகையின் பக்கம் அப்படியே இருந்தது. மறக்கப்பட வேண்டும் என்று கேட்ட மனிதரின் கடன் கதையை இன்று உலகமே அறியும், பாவம். உலகம் முழுவதும் நீக்க வேண்டும் என்று பிரான்ஸ் நாட்டுத் தரவு ஆணையம் கேட்டபோது, ஐரோப்பாவுக்குள் நீக்கினால் போதும் என்று 2019ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாரிஸில் மறைந்தது நெட்டப்பாக்கத்தில் தெரியும்.

நம் நாட்டில் 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு நிறுவனத்திடம் உள்ள நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் நாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்த வரியைப் பலர் கவனிப்பதில்லை.

2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு அன்றும் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என்று நம் சமுதாயப் பெண்கள் பலர் தாங்களே சமூக ஊடகத்தில் இட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து, ஏலம் விடுவதாக இழிவுசெய்து செயலி வைத்தார்கள். செயலியை நீக்கினார்கள், கைதும் நடந்தது. அதற்குள் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஊர் சுற்றிவிட்டன. அந்தச் சகோதரிகள் மீது எந்தத் தவறும் இல்லை. எடுத்தவனும் பரப்பியவனும்தான் குற்றவாளிகள்.

அதனால் அழிக்கும் அதிகாரம் போட்டவரிடம் பாதிகூட இல்லை. மீதி, பெற்றவரிடம் இருக்கிறது. பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத் 12வது வசனம் தடுக்கிறது. ஒருவர் தவ்பா செய்துவிட்டார், அல்லாஹ் மன்னிக்கிறவன். நாம் அவருடைய பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, “இவர் யார் தெரியுமா?” என்று அனுப்புகிறோம். அனுப்பியவர் வருந்தி அழித்த செய்தியைக் கண்டுபிடித்துப் படிக்கவே ஆப் வைத்திருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை உதவி வாங்குகிறாள். பத்து வருடம் கழித்து அவள் ஆசிரியையாக, வங்கி அதிகாரியாக இருப்பாள், இன்ஷா அல்லாஹ். மாப்பிள்ளை வீட்டார் அவள் பெயரைத் தேடினால், ‘ஏழை மாணவிக்கு உதவி’ என்று நம் படம் வர வேண்டுமா? ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே மேல் என்ற கருத்து சூரா அல்பகரா 271வது வசனத்தில் இருக்கிறது. நன்கொடையாளருக்கு வேண்டியது கணக்கு. ரசீது தருகிறோம், தணிக்கை அறிக்கை தருகிறோம், அலுவலகத்துக்கு வந்து பேரேட்டைப் பார்க்கலாம். பிள்ளையின் முகத்தைத் தர முடியாது. இன்றும் யாரும் போனைத் தூக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கனவே யாருடைய படமாவது தவறாகச் சுற்றினால், பயந்துபோய் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு ஆதாரம் வேண்டும். தேதியும் முகவரியும் தெரியும்படி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனத்திடமும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் செய்யுங்கள். உதவி எண் 1930. அந்தரங்கப் படமோ, ஒட்டி மாற்றிய படமோ என்றால், புகார் வந்த குறுகிய நேரத்துக்குள் நிறுவனம் நீக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி சொல்கிறது. எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்கள் பேசத் தயங்கினால், நம் மகளிர் குழுவினரிடம் சொன்னால் போதும். விவரம் வெளியே போகாது.